வானூர்தி விலைக்கு உண்டு

மணிமேகலை வஞ்சி மாநகரிலே சமயவாதிகள் பலரையும் கண்டு அவரவர் கொள்கையைக் கேட்ட செய்தி, அக்காப்பியத்தின் 27ஆம் காதையில் வருகின்றது. முதற்கண் அவள் எதிர்ப்பட்டவன் அளவைவாதி. அவன் காண்டல், கருதல் முதலாகப் பத்து அளவைகளை எண்ணிக் கூறியதோடு அமையவில்லை. அறிவு வழிதவறும் வாயில்கள் எட்டினையும் எடுத்துரைத்தான். சுட்டுணர்வு, திரியக்கோடல், ஐயம், தேராது தெளிதல், கண்டுணராமை, இல்வழக்கு, உணர்ந்ததை உணர்தல், நினைப்பு என்பன அவை. தேர்வுக்கு நெட்டுருச் செய்யும் மாணவர் இவ்வெட்டையும் ஒரே மூச்சில் ஒப்புவித்து விடுவர். ஆயினும், இவை யாவும் தம் சட்டைப்பையில் கிடக்கும் கைப்பேசியிலே நாள்தோறும் நிகழ்கின்றன என்பதை அவர் நினைத்துப் பார்ப்பதில்லை.

இப்பியின் ஒளியைக் கண்டு வெள்ளியென மயங்குவது திரியக்கோடல். தறியோ மனிதனோ எனத் தடுமாறுவது ஐயம். ஆராயாமலே தறியை மனிதனென்று துணிவது தேராது தெளிதல். கொடும்புலி எதிரே வந்து நிற்கவும் அதனைப் புலியென்று உணராதிருப்பது கண்டுணராமை. அளவைவாதி ஐயத்தையும் குற்றங்களுள் ஒன்றாக எண்ணினான். இக்காலத்தில் அக்குற்றம் நம்மிடம் சிறிது மிகுந்திருப்பினும் தாழ்வில்லை என்பது என் துணிபு. அதற்குக் காரணமான ஒரு பொருளைப் பற்றியே ஈண்டுக் கூற விரும்புகின்றேன். அது ஆகாய விமான விற்பனை.

வாசகர் நகைக்க வேண்டா. வீடும் காணியும் மோட்டார் வண்டியும் போலவே விமானமும் விளம்பரத்தின் வழியாகக் கைமாறும் பண்டந்தான். மேலைநாடுகளில் இரண்டு இருக்கையும் நான்கு இருக்கையும் கொண்ட சிறு விமானங்கள் ஆயிரக்கணக்கில் தனியார் கையில் உள்ளன. பறக்கும் பருவம் கடந்த பெரிய விமானங்களின் வெற்றுடலுக்கும் விலையுண்டு. அதனை வாங்கி வந்து உணவகமாகவோ தங்கும் விடுதியாகவோ மாற்றி வருவாய் தேடுவோர் பல நாடுகளில் இருக்கின்றனர். இப்பண்டத்தின் இயல்பே வஞ்சகர்க்கு வாய்ப்பாகின்றது. விலை பெரிது, இருக்குமிடம் தொலைவு, நேரிற் சென்று பார்ப்பதற்கே பெருஞ்செலவு பிடிக்கும். ஆகவே வாங்குபவனுக்குப் படமே கண்ணாகின்றது. வேறொருவர் தம் விமானத்தை உண்மையாகவே விற்றபோது வெளியிட்ட படங்களை ஒருவன் எடுத்துக் கொள்கின்றான். விலையைப் பாதியாகக் குறைக்கின்றான். உரிமையாளர் காலமாகிவிட்டார், குடும்பத்தார் விரைவில் விற்க வேண்டியவராக இருக்கின்றனர் என்று ஒரு கதையும் கட்டுகின்றான். பணத்தை இருதரப்புக்கும் பொதுவான ஒருவரிடம் ஒப்படைக்கலாம் என்று நியாயம் பேசுகின்றான். அந்தப் பொதுவானவரும் அவனே என்பது பிறகுதான் தெரியவரும்.

கண்டியிலிருந்து திகனைக்குச் செல்லும் வழியில் விருந்தினர் விடுதியொன்று நடத்தும் என் பழைய மாணவர் ஒருவர், தோட்டத்தின் நடுவே ஒரு விமானத்தை நிறுத்தி அதனுள் தேநீர்ச்சாலை வைக்க ஆசைப்பட்டார். விளம்பரமொன்று அவர் கண்ணிற் பட்டது. படங்கள் ஐந்து, விலையோ நம்பமுடியாத அளவுக்கு மலிவு. மனைவியின் காப்பை அடகு வைத்து முற்பணத்தில் ஒரு பகுதியை அனுப்பியும் விட்டார். எஞ்சிய பகுதியை அனுப்புவதற்கு முதல்நாள், "ஐயா, இதையும் ஒருமுறை பாருங்கள்" என்று கைப்பேசியை என்னிடம் நீட்டினார். விமானத்தைப் பற்றி யான் அறிந்தது, சீவகசிந்தாமணியில் விசயை ஏறிச் சென்ற மயிற்பொறியைப் பற்றி அறிந்ததைவிட மிகுதியன்று. ஆயினும், அளவை பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்த வகுப்பிலே அப்படங்களைப் பெரிதாக்கிக் காட்டினேன்.

மாணவர் அரைமணி நேரம் பார்த்தனர். "அழகாயிருக்கிறது" என்றனர் சிலர். பின்வரிசையிலிருந்த மாணவியொருத்தி, செய்யுளுக்குச் சீர் எண்ணுவது போல விரலை மடக்கிச் சாளரங்களை எண்ணிக் கொண்டிருந்தாள். வெளிப்புறப் படத்தில் ஒரு பக்கத்தில் பதினொரு சாளரம். உட்புறப் படத்தில் அதே பக்கத்தில் பதினைந்து! உடலொன்று, வயிறு வேறொன்று. புலி எதிரே நின்றிருந்தது. நாங்கள் கண்டும் உணராதிருந்தோம். அதன்பின் மற்றவர்க்கும் கண் திறந்தது. ஒரு படத்தில் அவசரக் கதவின் மேலிருந்த எழுத்துகள் கண்ணாடியிற் கண்டாற்போல இடவலம் மாறியிருந்தன. இன்னொன்றில், வாலில் எழுதப்பட்டிருக்க வேண்டிய பதிவெழுத்துகள் இருந்த இடம் மட்டும் மெழுகிவிட்டாற்போல வழவழப்பாயிருந்தது. விமானத்தின் நிழல் வலப்புறமும், அருகில் நின்ற வண்டியின் நிழல் இடப்புறமும் விழுந்திருந்தன. ஓர் உலகுக்கு ஒரு ஞாயிறு என்பதை மறந்துவிட்டான் அப்படத்தை ஆக்கியோன்.

அன்று மாலையே விற்பவருக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தோம். விமானத்தின் அடையாளத் தகட்டருகே ஒரு தாளில் அன்றைய தேதியையும் நாங்கள் கூறும் சொல்லொன்றையும் எழுதி வைத்து, புதிதாக ஒரு படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்பதே அது. சொல் 'யாப்பு'. முதலிற் சினம் வந்தது. அடுத்து, வேறொரு நாட்டவர் முழுப்பணத்துடன் காத்திருக்கின்றார் என்ற அச்சுறுத்தல் வந்தது. அதன்பின் ஒன்றும் வரவில்லை. எஞ்சிய பணம் தப்பியது. அனுப்பிய பகுதி திரும்பவில்லை. காப்பும் இன்னும் அடகிலேயே இருக்கின்றது. பொலிஸ் நிலையத்தில் முறையிட்டிருக்கின்றார். விற்பவர் தந்த முகவரியில் அப்பெயருடையார் எவருமில்லை.

தமிழ் கற்றோர்க்கு இவ்வேலை புதியதன்று என்பதை அன்றைக்கு அம்மாணவர்க்குச் சொன்னேன். சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் ஏடுகளை ஒப்பிட்டபோது செய்தது வேறென்ன? ஒரு பாட்டில் இடைச்செருகல் இருக்கின்றதென்பதை எங்ஙனம் அறிகின்றோம்? சொல் அக்காலத்துச் சொல்லாக இராது, தளை தட்டும், முன்னே கூறியதற்கு மாறாகப் பின்னே வரும், அல்லது முன்னே வந்த அடியே சிறிது வேறுபட்டுத் திரும்பவும் வரும். படத்திலும் அவ்வாறே. வஞ்சகன் ஓரிடத்தை மறைக்க வேண்டுமானால், அருகிலுள்ள புல்லையோ புகையையோ படியெடுத்து அங்கே ஒட்டுகின்றான். இயற்கை தன்னைத்தான் படியெடுப்பதில்லை. ஆகவே ஒரே மேகம் இரண்டிடத்தில் தோன்றினால், கூறியது கூறல் என்னும் குற்றம் நிகழ்ந்துவிட்டது என்று தெளியலாம்.

ஆகாய விமானமும் பொய்ப்படமும் நெடுங்கால நண்பர்கள். முதல் உலகப் போரின்போது, 1917இல் ஆஸ்திரேலியப் படைக்கு நிழற்படம் எடுத்த பிராங்க் ஹர்லி என்பவர், போர்க்களத்தின் முழுத்தோற்றத்தையும் ஒரே நெகட்டிவில் அடக்க முடியவில்லை என்று பல நெகட்டிவ்களை ஒன்றாக இணைத்தார். நிலத்திலே படைவீரர், மேலே விமானங்கள், இடையே புகை. அப்படையின் வரலாற்றாசிரியரான சார்ள்ஸ் பீன் இதனைப் பொய்யென்றே கூறிச் சினந்தார். ஹர்லியோ, கண்ணாற் கண்டதைக் காட்ட இதனைவிட வேறு வழியில்லை என்றார். இருவர் பக்கமும் நியாயம் உண்டு எனினும், என் வாக்கு பீனுக்கே. வரலாற்றுக்குச் சான்றாக வைக்கப்படும் பொருளில் கற்பனைக்கு இடமில்லை.

ஹர்லி கலை ஆர்வத்தாற் செய்தார். அடுத்தவர் காசுக்காகவே செய்தார். 1930களின் தொடக்கத்தில், கொக்பேர்ன்-லாங் என்ற பெயருடன் ஒரு பெண்மணி வெளிப்பட்டார். போர் விமானியொருவர் தம் விமானத்திற் படக்கருவி பொருத்தி எடுத்தனவென்று வியத்தகு படங்களைக் கொண்டுவந்தார். விமானங்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன, எரிகின்றன, விமானி அந்தரத்தில் விழுகின்றான்! 1933இல் 'வானிலே மரணம்' என்னும் பொருள்படும் பெயரோடு, ஆசிரியர் பெயரின்றி, நாட்குறிப்பும் படங்களுமாக ஒரு நூல் வெளிவந்தது. ஓடும் விமானத்திலிருந்து இத்துணைத் தெளிவாக அக்காலக் கருவியால் எடுக்க முடியுமா என்று ஐயுற்றவர் சிலர் இருந்தனர், நம்பியவரே பலர். உண்மை வெளிப்பட 1984 வரையிற் காத்திருக்க வேண்டியதாயிற்று. ஸ்மித்சோனியன் விமான விண்வெளி அரும்பொருட் சாலைக்கு வந்துசேர்ந்த பழம்பொருட்களிடையே, வெஸ்லி டேவிட் ஆர்ச்சர் என்பவரின் ஆவணங்கள் இருந்தன. ஆர்ச்சர் போரிலே விமானியாகப் பணிபுரிந்தவர். பின்பு திரைப்படங்களுக்கு மாதிரியுருக்கள் செய்தவர். சிறு பொம்மை விமானங்களைக் கம்பியில் தொங்கவிட்டுப் படமெடுத்து, கம்பியை அழித்திருக்கின்றார். அப்பெண்மணி அவர் மனைவியே. அரை நூற்றாண்டுக் காலம் அறிஞரையும் ஏமாற்றிய அப்படங்களில், போரை நேரிற் கண்டவனின் கை இருந்தது என்பதே அவற்றின் வலிமை. முற்றும் அறியாதவன் செய்யும் பொய்யைவிட, பாதி அறிந்தவன் செய்யும் பொய் நெடுநாள் வாழும்.

நம் காலத்துக்கு வருவோம். ஆகஸ்ட் 2006இல், லெபனான் போரின்போது, ரொய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்துக்குப் படம் அனுப்பிய ஒருவர், பெய்ரூத் நகரின் மேலெழுந்த புகையைப் படியெடுத்துப் பெருக்கியிருந்தார். சுருள்கள் ஒரே வடிவில் அடுத்தடுத்து நின்றதைக் கண்ட வாசகர்களே அதனை வெளிப்படுத்தினர். அவருடைய மற்றொரு படம் இஸ்ரேலின் எஃப்-16 விமானம் பற்றியது. அவ்விமானம் உதிர்த்தது ஒரே ஓர் ஒளிச்சுடர். அதனைப் படியெடுத்து மூன்றாக்கி, ஏவுகணைகள் என்று விளக்கமும் எழுதப்பட்டிருந்தது. அந்நிறுவனம் அவர் எடுத்த 920 படங்களையும் விற்பனையிலிருந்து நீக்கிவிட்டது. ஒரு பொய்யினால் ஏனைய மெய்களும் கெட்டன.

பிப்ரவரி 2013இல் ஈரான் நாடு காஹர்-313 என்னும் போர்விமானத்தைக் காட்சிக்கு வைத்தது. சின்னாட்களில் அது பனிமூடிய டமாவந்த் மலைக்கு மேலே பறப்பதாக ஒரு படமும் இணையத்தில் உலவிற்று. விமானத்தின் சாய்வும், உடலிற் படிந்த ஒளியின் கோலமும், கூடத்தில் நின்றபோது எடுத்த படத்தில் இருந்தவாறே இம்மியும் பிசகாமல் இருந்தன. கூடத்து விளக்கு மலையுச்சியிலும் எரிந்தது போலும்! அதற்குச் சில மாதம் முன்பு, 2012 நவம்பரில், செங்குத்தாக எழும்பும் ஆளில்லா விமானமொன்றைத் தாம் செய்ததாக அந்நாட்டிலிருந்தே ஒரு படம் வந்தது. அது ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தாரின் விமானம். பின்னணியில் இருந்த கட்டடக் கூரைகளை மட்டும் அழித்துவிட்டிருந்தனர்.

அயல்நாட்டாரையே குறைகூறி அமைதல் முறையன்று. 2015 டிசம்பரிற் சென்னை வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தபோது, இந்தியப் பிரதமர் விமானத்திலிருந்து அதனைப் பார்வையிட்டார். அரசின் பத்திரிகைத் தகவல் பணியகம் வெளியிட்ட படத்தில், விமானச் சாளரத்தின் வழியே வெள்ளம் சூழ்ந்த கட்டடங்கள் கைக்கெட்டும் தொலைவிற் போலத் தெளிவாகத் தெரிந்தன. மூலப்படத்தில் இருந்ததோ மங்கலான நீர்ப்பரப்பு. இரண்டு படங்களை இணைத்தது வெளிப்பட்டதும் பணியகம் அப்படத்தை நீக்கி வருத்தமும் தெரிவித்தது. பார்வையிட்டது மெய்; வெள்ளமும் மெய்; சாளரத்துக் காட்சியே பொய். வீடிழந்தவர்கள் கூரைமேல் நின்ற நாளில் அச்சிறு பொய் எத்துணைப் பெரிதாகத் தோன்றிற்று என்பதைச் சென்னை உறவினர் வாயிலாகக் கேட்டோர் நம் மலையகத்திலும் உண்டு.

இவ்விடத்தில் ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். படங்களை இணைப்பதே குற்றமென்று கருதின், நம் நாட்டுக் கலைஞர் லயனல் வெண்ட்டைக் குற்றவாளியாக்க நேரும். 1944இல் மறைந்த அவர், பல படங்களை ஒன்றிணைத்தும் ஒளியை மாறுபடச் செய்தும் அரிய ஓவியங்கள் போன்ற நிழற்படங்களைப் படைத்தார். அவற்றைக் காண்பவர் எவரும் ஏமாறுவதில்லை. அவை தம்மை இன்னவையென்று மறைப்பதில்லை. 1870களில் கண்டியிலே ஸ்கோவன் என்பார் படப்பிடிப்பு நிலையம் நடத்திய காலத்தில், கண்ணாடித் தகட்டில் வானம் வெறும் வெண்மையாகவே பதியும். ஆகையால் மேகத்தை வேறொரு தகட்டிலிருந்து எடுத்து அச்சிடுவது அந்நூற்றாண்டின் படப்பிடிப்பாளர் பலர்க்கும் பழகிய வழக்கம். அம்மேகத்தை எவரும் பணங்கொடுத்து வாங்கவில்லை. பொய் படத்தில் இருப்பதைவிடப் படத்தின் கீழே எழுதும் வரியிலேயே பெரும்பாலும் இருக்கின்றது.

இதற்குச் சிறந்த சான்று, வரைந்த படங்களையுடைய ஒரு நூல். பரத்துவாச முனிவர் அருளிய 'வைமானிக சாஸ்திரம்' என்று இன்றும் மேடைதோறும் முழங்குகின்றனர். அந்நூலை 1918 முதல் 1923 வரையிற் பண்டித சுப்பராய சாஸ்திரி என்பவர் வாய்மொழியாகச் சொல்ல, மற்றொருவர் எழுதினார். எல்லப்பா என்னும் வரைவாளர் விமானங்களின் படங்களை வரைந்தார். 1974இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த ஐவர் அதனை ஆராய்ந்தனர். வடமொழி நடை தொன்மையுடையதன்று, இருபதாம் நூற்றாண்டுக்கு உரியது என்றும், படத்திற் கண்ட எதுவும் பறக்கும் தன்மையுடையதன்று என்றும் கண்டனர். இங்கே கவனிக்கத்தக்கது, பொறியியலாரும் மொழிநூலை நாடியமையே. பண்டிதன் கூறியதைப் பண்டிதத்தாலேயே மறுக்க வேண்டியிருந்தது. புட்பகவிமானத்தைக் கவிஞனின் கனவாகக் கொண்டு மகிழ்வதில் எனக்குத் தடையில்லை. அதற்கு அளவும் எடையும் எழுதிக் காட்டுகையிலேயே தடை.

இனி, ஐயமும் அளவு கடக்கலாகாது. விமானத்தின் முன்னே சுழலும் விசிறி, கைப்பேசிப் படத்திற் சில வேளை வளைந்த அரிவாள்கள் போலவும், உடலிலிருந்து பிரிந்து அந்தரத்தில் மிதக்கும் துண்டுகள் போலவும் தோன்றும். கண்டவுடன் 'பொய்' என்று கூவத் தோன்றும். அது மெய்யே. கைப்பேசியின் கருவி படம் முழுவதையும் ஒரே கணத்தில் வாங்குவதில்லை, வரிவரியாக வாங்குகின்றது. ஒரு வரியை வாங்கி அடுத்த வரிக்குச் செல்வதற்குள் விசிறி திரும்பிவிடுகின்றது. மாறாக, இடவலம் திருப்பிய படம் மிக இயல்பாகத் தோன்றும், ஆனால் பொய். திருப்புவதற்குக் காரணம் உண்டு. படத்தைக் கொடுத்து அதன் மூலத்தைத் தேடும் வசதி இணையத்தில் 2008 முதற்கொண்டு இருக்கின்றது; திருப்பிய படம் சில வேளை அத்தேடலுக்குத் தப்பிவிடும். கற்றவன் கண்ணுக்குத் தப்பாது. பைப்பர் நிறுவனத்தாரின் பி.ஏ.-28 வகைச் சிறு விமானத்துக்குப் பயணிகள் ஏறும் கதவு ஒன்றே. அது வலச்சிறகின் மேலே உள்ளது. இடப்புறத்திற் கதவைக் கண்டால் படம் திருப்பப்பட்டது என்க.

செயற்கை அறிவு வரைந்து தரும் படங்களைப் பற்றித் தனியே எழுதுதல் வேண்டும். தொடக்கத்தில் அவற்றிலே எழுத்துகள் சிதைந்தும், கருவிப் பலகையின் எண்கள் பொருளற்றும் இருந்தமையாற் பிடிபட்டன. அக்குறைகள் ஆண்டுக்காண்டு குறைகின்றன. கண்ணை மட்டும் நம்பி இருத்தல் இனி இயலாது. அளவைவாதியின் சொற்களிற் கூறின், காண்டலோடு கருதலும் உரையும் சேர்ந்தே இனி வழக்குத் தீர்க்க வேண்டும்.

நல்லூழாக, விமானத்துக்குப் பிறப்புச்சான்று உண்டு. ஒவ்வொரு நாட்டு விமானமும் தனக்குரிய பதிவெழுத்தைத் தாங்க வேண்டும். இலங்கைக்கு 4ஆர், இந்தியாவுக்கு வி.டி., ஐக்கிய அமெரிக்காவுக்கு என், பிரித்தானியாவுக்கு ஜி. அமெரிக்க, பிரித்தானியப் பதிவேடுகளை எவரும் இருந்த இடத்திலிருந்தே இணையத்திற் பார்க்கலாம். உரிமையாளர் யார், எந்த ஆண்டிற் செய்யப்பட்டது, பதிவு நீக்கப்பட்டதா என்பன அங்கே விளங்கும். நம் நாட்டில் இதற்குரியது சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபை. பணிமனைக் குறிப்பேடுகளில், பறந்த மணிக்கணக்கு ஒவ்வொன்றும் எழுதப்பட்டிருக்கும். கருவிப் பலகைப் படத்திலுள்ள மணிக்கணக்கு அக்குறிப்பேட்டோடு ஒத்திருக்கின்றதா என்று பார்ப்பது, ஏட்டையும் உரையையும் ஒப்பிடுவது போன்றது.

விமானம் மெய்யாக இருந்து, படமும் மெய்யாக இருந்து, பத்திரமே சிக்கலாவதும் உண்டு. 2006இல் நம் விமானப்படைக்காக உக்ரேனிலிருந்து நான்கு மிக்-27 விமானங்கள் வாங்கிய உடன்படிக்கை அத்தகையது. விமானங்கள் வந்தன; எவரும் அவற்றைப் பொய்யென்று கூறவில்லை. அவற்றின் வயது என்ன, விலை தகுமா, பணம் எவர் கைக்குச் சென்றது என்பவையே வினாக்கள். 2007இற் பத்திரிகைகள் எழுப்பிய அவ்வினாக்கள், 2015க்குப் பின் பொலிஸ் விசாரணையாக வளர்ந்து நீதிமன்றம் வரை சென்றன.

என் மாணவரிடம் விற்பவர் அனுப்ப மறுத்த அந்தத் தகட்டைப் பற்றியும் ஒரு சொல். 1944இற் சிக்காகோவில் நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கையின் ஏழாம் இணைப்பு, ஒவ்வொரு விமானமும் தன் பதிவெழுத்துப் பொறித்த அடையாளத் தகடொன்றைத் தலைவாயிலருகே தாங்க வேண்டும் என்று விதிக்கின்றது. அது தீயில் உருகாத உலோகத்தால் ஆனதாக இருத்தல் வேண்டும். விமானம் எரிந்து சாம்பரானாலும் அது இன்னதென்று அறிவதற்காகவே அவ்வாறு விதித்தனர்.